அணில் எங்கே நிற்கும்? – வாசகர் கேள்வி பதில்

சின்னப் பாலூட்டிகளைப் படமெடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். அணில், கீரி, முயல், எலி, மூஞ்சூறு என்று தேடிப் போகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 70-300 ஜூம் லென்ஸ் வாங்கினேன். ஷட்டர் வேகத்தை 1/1000-க்குக் கீழே இறக்குவதே இல்லை. அப்படியும் அணிலை எடுத்தால் பாதிப் படத்தில் வால் மட்டும், மீதிப் படத்தில் வெறும் மரப்பட்டை. எங்கே தப்பு நடக்கிறது?

உங்கள் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணில் பட்டதை உணர்ந்து விரல் பட்டனை அழுத்த யாருக்குமே கால் நொடி பிடிக்கும். அணில் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அழுத்தி முடிப்பதற்குள் அது ஒரு மீட்டருக்கு மேல் தாண்டியிருக்கும். வாலை விட்டுவிட்டால் அதன் உடம்பே ஒரு சாண் அளவுதான். ஓடுவதைப் பார்த்து அழுத்துகிற வரைக்கும் வால்தான் கிடைக்கும், யார் எடுத்தாலும்.

ஆனால் அணில் ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். எலி, கீரி, மூஞ்சூறு எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வேகமாக ஓடும்போது சுற்றுமுற்றும் நடப்பதை அவற்றால் சரியாகக் கவனிக்க முடியாது. பருந்து நிழல் விழுகிறதா, பூனை பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் மோந்து அறியவும் நின்றாக வேண்டும். அந்த நிறுத்தம் அரை நொடி இருக்கும், சில சமயம் இரண்டு மூன்று நொடிகூட இருக்கும். நம்முடைய படம் அங்கேதான் இருக்கிறது.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. இவை கண்ட இடத்தில் நிற்பதில்லை. கிளை இரண்டாகப் பிரியும் கவட்டை, பாறையின் விளிம்பு, புதர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம், மரத்திலிருந்து இறங்கும்போது தரையைத் தொடுவதற்கு ஓரடி முன்னால் தலைகீழாக ஒட்டிக்கொண்டு நோட்டம் விடும் இடம், இப்படி. நான் அடிக்கடி போய் உட்காரும் இடத்தில் ஒரு பழைய கற்சுவர் இருக்கிறது. அதன் அடியோரமாகவே ஒரு கீரி வரும். சுவரில் ஒரு கல் பெயர்ந்து விழுந்த இடைவெளி. அங்கே வந்ததும் முன்னங்கால்களை மார்போடு மடக்கிக்கொண்டு பின்னங்கால்களில் நிமிரும். அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை. அப்புறம்தான் இடைவெளியைத் தாண்டும். சுவர் மறைப்பு இல்லாத அந்த ஒரு முழ தூரம் அதற்கு ஆபத்தான தூரம் என்பதால் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை நடக்கும்.

அதனால் முதலில் கொஞ்ச நாள் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு உட்காருங்கள். எந்த வழியாக வருகிறது, எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் முகம் திருப்புகிறது, அந்த நேரத்தில் வெயில் எங்கிருந்து விழுகிறது, எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பிறகு அந்த இடத்தின் மேல் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, பின்னணி சுத்தமாகத் தெரிகிற கோணத்தில் உட்காருங்கள். காற்று உங்கள் பக்கத்திலிருந்து அதை நோக்கி வீசக் கூடாது. அணில் ஃபிரேமுக்குள் வரும் முன்பே உங்கள் விரல் பட்டன் மேல் இருக்க வேண்டும்.

கேள்வி: ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் இத்தனை இத்தனை என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

நின்று கொறிக்கும் அணிலுக்கு 1/500 போதும். அதன் தாடையும் மீசையும் நிற்காமல் துடித்துக்கொண்டிருப்பதால் அதற்குக் கீழே போக நான் விரும்புவதில்லை. ஓட்டம் என்றால் 1/2000-லிருந்து தொடங்குங்கள். நொடிக்கு 5 மீட்டர் ஓடும் பிராணி 1/1000 நொடியில் 5 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். மீசை மயிர் துல்லியமாக வேண்டும் என்றால் 5 மில்லிமீட்டர் பெரிய தூரம். காட்டு முயல் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் வரை எட்டும். 1/2000-லும் அது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நகரும். அங்கே 1/3200, 1/4000 என்று ஏறத்தான் வேண்டும்.

அப்பர்ச்சரில், அதாவது லென்ஸ் திறப்பின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முழு ஃபிரேம் (படம் பதியும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு உள்ள) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, பிராணி 5 மீட்டர் தூரத்தில் என்றால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 5 சென்டிமீட்டர் சுமார். மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் காது மங்கிவிடும். திறப்பைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் ஏழு, ஏழரை சென்டிமீட்டர் கிடைக்கும். வெளிச்சம் இருந்தால் எஃப் 8-க்கே போங்கள். பின்னணி தூரத்தில் இருந்தால் அது எப்படியும் கரைந்துவிடும்.

ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஆட்டோவில் விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளி விழுந்த படத்தை ஓரளவு சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸ், பிராணி நகர நகரத் தானும் மாறும் தொடர் முறையில் இருக்கட்டும். புல், சுள்ளி குறுக்கே வரும் இடத்தில் கேமராவின் கண் கண்டறியும் வசதி முன்னால் இருக்கும் புல்லைப் பிடித்துக்கொண்டு விடாது. அங்கே ஒற்றைப் புள்ளிக்கு மாறிக் கண்ணின் மேல் நீங்களே வையுங்கள்.

கேள்வி: நொடிக்கு 120 ஃபிரேம், அதாவது 120 படம், எடுக்கும் கேமரா வந்துவிட்டதாமே. அது இல்லாமல் இந்த வேலை நடக்காதா?

நடக்கும். மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கடன் வாங்க வேண்டாம்.

ஆனால் ஒரு வசதி உண்மையிலேயே இந்த வேலைக்காகவே பிறந்தது மாதிரி இருக்கிறது. பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கும்போதே கேமரா படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் முழுதாக அழுத்தியதும், அழுத்துவதற்கு முந்தைய படங்களையும் சேர்த்துப் பதிவு செய்யும். 2016-ல் ஒலிம்பஸ் தன் இ-எம்1 மார்க் 2 கேமராவில் 'ப்ரோ கேப்சர்' என்ற பெயரில் இதைக் கொடுத்தது. இப்போது பல நிறுவனங்களின் மாடல்களில் இருக்கிறது. மேலே சொன்ன கால் நொடித் தாமதத்துக்கு நேரடியான மருந்து இது. அணில் கிளையிலிருந்து தாவும் கணம், வளையிலிருந்து எலி தலை நீட்டும் கணம், இவற்றுக்கு வேறெதையும்விட இது உதவும். அடுத்த கேமரா வாங்கும்போது இது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

திரை எதுவும் அசையாமல் சென்சாரே வேலை செய்யும் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிவரியாகத்தான் படிக்கின்றன. வேகமாகக் குறுக்கே ஓடும் முயலின் உடம்பு சாய்ந்து, கால் வளைந்து விழலாம். 2023-ல் சோனி அறிவித்த ஏ9 III மாதிரி முழுச் சென்சாரையும் ஒரே சமயத்தில் படிக்கும் கேமராக்களில் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் கேட்ட 120 ஃபிரேமும் அதில் உண்டு.

கேள்வி: ஒரு வயல் எலி என்னைப் பார்த்தபடி அசையாமல் வெகு நேரம் நின்றது. நிறையப் படம் எடுத்தேன். அது என்னோடு பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். ஏனென்றால் 'நிற்கும் இடத்தைப் பிடியுங்கள்' என்று நான் சொன்னதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

நிற்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, தன் வேலையாகப் போகும் பிராணி வழியில் நிற்பது. அப்போது கால்கள்தான் நிற்கும். மூக்கு நிற்காது. மீசை முன்னும் பின்னுமாக விசிறிக்கொண்டே இருக்கும். காது ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் திரும்பும். ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி இருக்கலாம்.

இரண்டாவது வகை பயத்தில் உறைவது. வயிறு தரையோடு ஒட்டியிருக்கும். மீசை, மூக்கு, காது எல்லாமே நின்றுவிடும். விலா மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கும். கண் வழக்கத்தைவிடப் பிதுங்கித் தெரியும். அசையும் இரையைத்தான் வேட்டையாடும் பிராணிகள் எளிதில் கண்டுபிடிக்கும் என்பதால் அசையாமல் இருப்பது அதன் கடைசித் தற்காப்பு. ஓடுவதா இருப்பதா என்று அது கணித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நீங்கள்தான் அதன் எதிரி.

வ்யூஃபைண்டரில் மீசையைப் பாருங்கள். மீசை நின்றுவிட்டால் கேமராவை இறக்குங்கள். நேராக எழுந்து திரும்பிப் போகாமல், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். இரண்டு வகைப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் யாருக்கும் தெரியும். பயந்த பிராணியின் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதில் பயம்தான் இருக்கும்.

மற்ற அறிகுறிகளும் உண்டு. அணில் வாலை உதறி உதறி விடாமல் கத்துகிறது என்றால் உங்களைப் பற்றித்தான் ஊருக்கெல்லாம் சொல்கிறது. முயல் காதை முதுகோடு படியவைத்துத் தரையோடு அமுங்கினால் ஓடத் தயாராகிவிட்டது. இனி ஓரடிகூட முன்னே வைக்காதீர்கள்.

கேள்வி: சத்தமே போடாமல்தான் உட்காருகிறேன். அப்படியும் எலிகள் ஓடிவிடுகின்றன. ஏன்?

உங்களுக்குக் கேட்காத சத்தம் போடுகிறீர்கள். மனிதக் காது எட்டும் உச்சம் 20 கிலோஹெர்ட்ஸ். சுண்டெலிக்கு 80 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே கேட்கும். சாவிக்கொத்து லேசாகக் குலுங்கினாலே அந்த உயர் அலைவரிசையில் பெரிய சத்தம் எழும். பையின் ஜிப், ஒட்டிப் பிரிக்கும் பட்டை, சரசரக்கும் மழைக்கோட்டு, இவையும் சந்தேகத்துக்குரியவைதான். சாவியை வீட்டிலோ வண்டியிலோ விட்டுவிடுங்கள். பையைத் திறந்தே வையுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி உடை போட்டுக்கொள்ளுங்கள். ஷட்டரைச் சத்தமில்லா முறைக்கு மாற்றுங்கள். வாசனைத் திரவியம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தரையோடு படுத்து எடுத்தால்தான் நன்றாக வருமா?

ஆமாம். நின்றபடி எடுத்தால் முதுகுதான் தெரியும். அதன் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால் அது வாழும் உலகம் தெரியும். புல் மரமாக நிற்கும். படுத்த நிலையில் உங்கள் உருவமும் சிறுத்துவிடுவதால் அதற்கும் பயம் குறையும். சாம் ரௌலி என்ற படக்கலைஞர் லண்டன் சுரங்க ரயில் நடைமேடையில் பல இரவுகள் படுத்துக் கிடந்து, ஒரு துணுக்கு உணவுக்காக இரண்டு சுண்டெலிகள் கட்டிப்புரண்டு சண்டையிடும் நொடியைப் பிடித்தார். 2020-ல் 'வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் த இயர்' என்ற காட்டுயிர்ப் படப் போட்டியில் மக்கள் வாக்குப் பரிசு அந்தப் படத்துக்குத்தான். எலியின் உயரத்தில் இருந்து எடுத்ததால்தான் அது அப்படி மனதில் நிற்கிறது.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். எலி நடமாடும் ஈரத் தரையில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். புல்லில் உண்ணி இருக்கும். நீர் புகாத விரிப்பு, முழுக்கை, முழங்கால் மறைக்கும் உடை, காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குப் படுக்காமல் இருப்பது, திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடம்பை ஒருமுறை தடவிப் பார்ப்பது, இவ்வளவும் அவசியம். பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் எங்கே படுத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மூஞ்சூறு இரவில்தான் வருகிறது. ஃபிளாஷ் போடலாமா? அதன் கண்ணுக்குக் கெடுதலா?

இரவில் ஃபிளாஷ் போட்டு விலங்குகளைப் படமெடுப்பது நூறு வருஷத்துக்கும் பழைய வழக்கம். ஜார்ஜ் ஷைராஸ் என்ற அமெரிக்கர் மக்னீசியத் தூளை வெடிக்கவைத்தும், விலங்கே நூலை இழுத்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி கட்டிவைத்தும் எடுத்த 74 படங்களை 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' 1906 ஜூலை இதழில் வெளியிட்டது. அந்தக் கால வெடியோசையோடு ஒப்பிட்டால் இன்றைய ஃபிளாஷ் ரொம்ப சாது.

ஆனாலும் இருட்டுக்குப் பழகிய கண்ணில் நேராகப் பளிச்சென்று அடித்தால் கொஞ்ச நேரம் கூசத்தான் செய்யும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆந்தை வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில், சற்று உயரத்தில் வையுங்கள். மேலே மெல்லிய வெள்ளைத் துணியோ, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசரோ போடுங்கள். சக்தியை 1/16 அல்லது அதற்கும் கீழே இறக்குங்கள். இதில் இன்னொரு லாபம்: முழுச் சக்தியில் ஃபிளாஷ் ஒளி 1/1000 நொடிக்கு நெருக்கமாகவோ அதைவிட நீண்டோ எரியும். 1/16-க்கு இறக்கினால் பல மாடல்களில் 1/10,000 நொடி அளவுக்குச் சுருங்கிவிடும். இருட்டில் அந்த ஒளித்துடிப்புதான் உங்கள் ஷட்டர். கேமராவில் 1/200 வைத்திருந்தாலும் ஓடும் மூஞ்சூறின் மயிர்க்கால்கூட உறைந்து நிற்கும். ஒளி குறைவதை ஈடுகட்ட ஃபிளாஷைக் கிட்டே கொண்டுவாருங்கள், ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

ஃபோகஸ் வைக்க மங்கலான சிவப்பு விளக்கு போதும். எலி வகைகளுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். ஒரு இரவில் சில ஃபிளாஷ்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்ன வகை மூஞ்சூறுகளின் இதயம் நிமிடத்துக்கு 800 தடவைக்கும் மேல் துடிக்கும். அந்த உடம்பு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை இரை கேட்கும். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே உயிர் போய்விடும். நாம் நிற்பதால் அது இரை தேட வராமல் போனால், அந்தப் பட்டினிக்கு நாம்தான் காரணம்.

கேள்வி: என் நண்பர் எலியைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் பாசியும் கல்லும் அடுக்கி எடுக்கிறார். படம் அற்புதமாக வருகிறது. இது சரியா?

எனக்குச் சம்மதமில்லை. காட்டு எலியைப் பிடித்து அடைப்பதே அதற்கு வதை. மூஞ்சூறு என்றால் பொறிக்குள்ளேயே செத்துப்போகவும் கூடும். வளர்ப்புப் பிராணியை வைத்து எடுத்தால் அதை அப்படியே சொல்லி வெளியிடட்டும், நான் ரசிப்பேன். காட்டில் எடுத்தது என்று சொன்னால் அது பொய். மேலே சொன்ன அதே போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படம், பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் 2010 ஜனவரியில் தகுதி இழந்தது. 2017-ல் பரிசு வாங்கிய எறும்புத்தின்னிப் படமும், அதில் இருப்பது பாடம் செய்த உடலாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று அடுத்த வருஷம் நீக்கப்பட்டது.

தானியம் தூவலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுத் தோட்டத்து அணிலுக்குக் கொஞ்சம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காட்டில் வேண்டாம். தினமும் ஒரே இடத்தில் இரை விழுந்தால் அதைத் தின்ன வரும் பிராணிகளுக்குப் பின்னால் வேட்டையாடிகளும் அங்கே வந்து காத்திருக்கும். உயிருள்ள இரையைக் கட்டிப்போட்டுக் கீரியை வரவழைப்பது பற்றி எழுதியிருந்த அன்பர் தயவுசெய்து அதை விட்டுவிட வேண்டும்.

கேள்வி: என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது.

தாராளமாகப் போதும். நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு போனைச் சின்ன ஸ்டாண்டில், பிராணி வருவதற்கு முன்பே, அந்த இடத்துக்கு ஓரடி தூரத்தில் வைத்துவிடுங்கள். ஃபோகஸைப் பூட்டி, அழைப்பு ஒலி, அதிர்வு இரண்டையும் அணைத்து, மெதுவோட்ட வீடியோவில் ஓட விடுங்கள். அல்லது புளூடூத் பட்டன் கொண்டு தூரத்திலிருந்து அழுத்துங்கள். பெரிய லென்ஸால் எடுக்க முடியாத, சுற்றுப்புறத்தோடு சேர்ந்த படம் இதில்தான் கிடைக்கும்.

கேள்வி: புல்வெளியில் ஒரு முயல் குட்டி தனியாக இருந்தது. கிட்டப் போய் எடுத்துவிட்டு, பாவம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று என் மகள் கேட்கிறாள்.

தொடக்கூட வேண்டாம் என்று சொல்லுங்கள். காட்டு முயல் வளை தோண்டாது. திறந்த தரையில்தான் குட்டி போடும். குட்டிகள் கண் திறந்தே, உடம்பு நிறைய மயிரோடு பிறக்கும், சில நாளில் தனித்தனியாகப் பதுங்கிக்கொள்ளும். ஐரோப்பியக் காட்டு முயலில் தாய் நாளுக்கு ஒரே ஒரு முறை, பொழுது சாய்ந்த பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். தாய் பக்கத்தில் இருந்தால் அதன் வாசனை வேட்டையாடிகளை இழுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. தனியாக இருக்கும் குட்டி அனாதையில்லை. தூரத்திலிருந்து ஒரு படம், அவ்வளவுதான். உங்கள் காலடி வாசனைத் தடத்தை அதன் பக்கம் வரை போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: முயல் நேராகக் கேமராவை நோக்கி ஓடிவரும் படம் எடுக்க ஆசை. விலகித்தான் ஓடுகிறது.

துரத்துகிறவர்களுக்கு முதுகுதான் கிடைக்கும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் பின்னால் வருவதுகூட அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னே ஒரு சின்னப் பகுதி அதன் பார்வைக்குப் படாது. அதனால் தடத்தின் நேர்கோட்டில் அசையாமல் படுத்திருக்கும் ஆள் மேல் வந்து மோதுகிற அளவுக்கு முயல் நெருங்குவது உண்டு.

புல் மிதிபட்டுக் கோடு மாதிரி தெரியும் தடத்தைத் தேடுங்கள். அதன் ஓரத்தில், காற்று அங்கிருந்து உங்கள் முகத்தில் அடிக்கும்படி, விடிவதற்கு முன்பே படுத்துவிடுங்கள். எதிரே வரும் பிராணியில் ஃபோகஸ் தூரம் நொடிக்கு நொடி மாறும். கேமராவில் பின்தொடரும் உணர்திறனை வேகமான மாற்றத்துக்கு ஏற்றபடி வைத்து, 20, 25 மீட்டரில் இருக்கும்போதே எடுக்கத் தொடங்குங்கள். கிட்டே வந்த பிறகு எடுக்கலாம் என்றிருந்தால் ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஃபிரேமை விட்டே போய்விடும். 5 மீட்டருக்குள் வந்துவிட்டால் விரலை எடுத்துவிடுங்கள். அங்கே திடுக்கிட வைத்தால் அது தடத்தையே மாற்றிக்கொள்ளும், அதற்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். அது கடந்து, கண்ணுக்கு மறைந்த பிறகு எழுந்தால் போதும்.